ஒரு சாண் வெறும் சுவர்

பிப்ரவரி 3

கண் டாக்டர் என் வீட்டுக்காரருக்குச் சொட்டு மருந்து விடும் நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். அதற்காகத்தான் இந்த டைரி. காலை, மதியம், இரவு என்று எழுதியது போக மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. மற்ற விஷயங்களையும் எழுதிவைப்போமே என்று தோன்றியது.

பெங்களூரிலிருந்து தினகரன் பேசினான். கோபியில் நாங்கள் இருக்கிற வீட்டின் வெளிப்புறத்தை முழுக்கச் சரிசெய்யப் போகிறானாம். என் மாமனார் கட்டிய வீடு. உள்ளே ஒரு குறையும் இல்லை. வெளியே பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்து, மழைத் தண்ணீர் வழிந்த கறையோடு பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கிறது. மகன் தானாகவே செய்கிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷம்.

வேலையை ஜமாலிடம் கொடுத்திருக்கிறான். ஜமால் தினகரனோடு பள்ளியில் படித்தவன், இப்போது ஊரில் பேர் எடுத்த கான்ட்ராக்டர். சாயங்காலமே டேப்போடு வந்து வீட்டைச் சுற்றி அளந்தான்.

"பழைய பூச்சக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசிரலாங்கம்மா. ஜன்னல் மட்டம் வரைக்கும் கல்லு டைல்ஸ். வாசல் சுத்தியும் கிராவல் கொட்டி ஒசத்திட்டு பேவர் பிளாக். செவுத்த ஒட்டிப் பூச்செடிக்குத் தொட்டி கட்டிரலாம். ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க, பாருங்க."

நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இவர், "பேஸ்மட்டம் வெளிய தெரியுமா, ஜமாலு?" என்றார்.

"அது எதுக்குங்கப்பா தெரியோணும்? மூடிருமுங்க."

"அப்ப வேண்டாம்."

எங்கள் வீட்டில் பூச்சு தரை வரைக்கும் இறங்காது. மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு அஸ்திவாரக் கருங்கல் வெறுமையாகத் தெரியும். அதைத்தான் பேஸ்மட்டம் என்கிறார். முன்பொரு தரம் கரையான், எங்கள் ஊர்ப் பேச்சில் செல்லு, ஏறிப் பூஜையறை நிலையையும் அலமாரியையும் தின்றுவிட்டது. என் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்தால் மடிப்புக் கலையாமல் மண்ணாக வந்தது. அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டு, வீட்டைச் சுற்றித் துளை போட்டு மண்ணுக்குள் மருந்து இறக்கினோம். அன்றிலிருந்து அந்த ஒரு சாணை இவர் மறைய விட்டதில்லை. மண்ணிலிருந்து வருகிற கரையான் அந்தக் கல்லைத் தாண்டித்தான் மேலே போயாக வேண்டும், தாண்டினால் மண்கோடு கட்டும், கட்டினால் நம் பார்வைக்குத் தப்பாது என்பார்.

ஜமால் என்னைப் பார்த்தான். நான் காபி எடுத்துவர உள்ளே போய்விட்டேன். இவர் பிடிவாதம் எனக்குப் புதிதல்ல.

பிப்ரவரி 6

மாவு ஆட்டினேன். முருங்கைக்காய் ஒரு கட்டு வாங்கினேன்.

இவர் தினமும் விடிந்ததும் வீட்டைச் சுற்றி நடக்கிறார். இடக்கை சுவரில் இருக்கும். அவ்வப்போது குனிந்து அந்தக் கருங்கல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி நடப்பார். குழாயடியில் கொஞ்சம் நின்று, கசிகிறதா என்று மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு கண் போய்விட்டது. மற்றதில் நடுவில் மட்டும், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துப் பார்க்கிற அளவுக்குத் தெரிகிறது. கண்ணழுத்த நோய். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

இவருடைய விரலைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். பட்டுவளர்ச்சித் துறையில் இருந்தபோது பட்டுக்கூட்டு மார்க்கெட்டில் தரம் பிரிக்கிற வேலை. ஒரு பட்டுக்கூட்டை எடுத்து இரண்டு விரலால் அழுத்திவிட்டு, இதில் நூல் நன்றாக வரும், இது வராது என்று சொல்லிவிடுவார். விற்க வந்தவர்கள் யாரும் இவரிடம் சண்டைக்கு நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிப்ரவரி 12

தினகரனுக்கும் இவருக்கும் போனில் வாக்குவாதம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இப்பல்லாம் எத்தனையோ மருந்து வந்துருச்சுப்பா. செல்லு வந்தாப் பாத்துக்கலாம்."

"மருந்து மண்ணுலதான்டா இருக்குது. நீ செவுத்தோரம் தோண்டி அந்த மண்ண வாரிக் கொட்டிட்டு, மேல புது மண்ணப் போட்டு மூடுனா என்னாகும்? செல்லுக்கு நாமளே பாலம் கட்டிக் குடுத்த மாதிரி. டைல்ஸுக்குப் பின்னாலயே ஏறி உள்ள வந்துரும். நெல உளுத்து உதுரும்போதுதான் நமக்குத் தெரியும்."

கடைசியில் ஜமால்தான் நடுவில் வந்து சமாதானம் செய்தான். டைல்ஸ் அந்த ஒரு சாணுக்கு மேலே ஆரம்பிக்கும். கிராவல் சுவரிலிருந்து தள்ளியே நிற்கும். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 13

கேஸ் சிலிண்டர் வந்தது. இவர் பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்து, "நீயே படி. கேக்கறதுதான் சொகமா இருக்குது" என்றார்.

பிப்ரவரி 21

வேலை தொடங்கிவிட்டது. கொத்துகிற சத்தத்தில் பால்காரர் மணியடித்தது கேட்கவில்லை. எங்கும் தூசி. துணி காயப்போட இடமில்லாமல் கூடத்தில் கொடி கட்டினேன்.

இவர் எல்லோருடைய பெயரையும் தெரிந்துகொண்டார். கொத்தியெடுத்த மண் சுவரோரம் விழுந்தால், "அங்க குமிக்காதீங்கப்பா, சாக்குல அள்ளிருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் அள்ளுகிறார்கள்.

மார்ச் 4

கோயமுத்தூர் போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தோம். விடியற்காலை போனது, வீடு வந்து சேர இருட்டிவிட்டது. டாக்டர் நிறையப் பேசினார். எழுத ஒன்றுமில்லை.

பஸ்ஸில் வரும்போது இவர் என் கையைப் பிடித்தபடி, சத்தியமங்கலம் பக்கம் மழை பெய்திருக்கும் போல, மண்வாசம் வருகிறது என்றார்.

மார்ச் 5

காலையில் சமையலறையில் இருந்தபோது வெளியே தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேற்குப் பக்கத்தில் இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம்.

நேற்று நாங்கள் ஊரில் இல்லாதபோது அந்தப் பக்கம் முழுக்கக் கிராவல் கொட்டி உயர்த்திவிட்டார்கள். டைல்ஸும் கீழே வரைக்கும் ஒட்டியாகிவிட்டது. தினமும் நடக்கிற சமதரை என்று நம்பிக் கால் வைத்தவருக்கு மண்மேடு தடுக்கிவிட்டது.

வலிக்கிறதா என்று கேட்டேன்.

"பேஸ்மட்டத்தக் காணோம், சிவகாமி" என்றார்.

ஜமாலைக் கூப்பிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "தினகரன்தாங்கம்மா சொன்னான். அப்பா ஊருல இல்லாதப்ப முடிச்சிரு, பொறவு ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதே தினகரனுக்குப் போன் போட்டு, அப்பா விழுந்த கதையைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"விழுந்தத மட்டும் அவங்கிட்டச் சொல்லாதே. சொன்னா அடுத்த பஸ்ஸுல வந்து பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான்."

புண்ணைக் கழுவி மஞ்சள் வைத்தேன். வேட்டிதான் கட்டுகிறார், யாருக்கும் தெரியாது.

மார்ச் 6

தினகரன் போனில், "கோவமாப்பா? எனக்கும் ஒரு ஆச இருக்காதா?" என்றான். இவர், "இருக்கட்டும் உடு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

இவர் தோற்று நான் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 18

தோற்கவில்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

இப்போது நடக்கப் போகும்போது குடையைக் கைத்தடியாக எடுத்துக்கொள்கிறார். மேற்குப் பக்கம் வந்ததும் குடையால் மேட்டைத் தட்டிப் பார்த்து மெல்ல ஏறுகிறார். ஏறி, ஒவ்வொரு டைல்ஸின் இணைப்பையும் கீழிருந்து மேலே விரலால் தடவுகிறார். ஒன்றைக்கூட விடுவதில்லை. பூச்சு வெடிக்காமல் இறுக வேண்டும் என்று தினமும் தண்ணீர் விடுகிறார்கள், அந்த ஈரத்திலேயே நின்று தடவுகிறார். "ஈரம்னா அதுக்கு விருந்துதான்" என்கிறார். நேரமாகிறது, டிபன் ஆறிப்போகிறது. முதலில் இரண்டு நாள் சத்தம் போட்டேன். இப்போது இவர் கைகழுவும் சத்தம் கேட்ட பிறகே தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறேன்.

மார்ச் 27

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் லைட்டைப் போடச் சொன்னார். போட்டேன்.

ஏப்ரல் 2

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காலையில் முன்பக்கம் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. மேற்கே சமையலறை ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "சிவகாமி, ஜமாலக் கூட்டிட்டு வா" என்று இவர் கூப்பிட்டார். இரண்டு பேரும் போனோம். விரலைச் சுவரில் வைத்தபடி நின்றிருந்தார்.

"இங்க இருக்குது."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. பழுப்பு டைல்ஸ், நடுவில் பழுப்பு இணைப்பு. ஜமால் முட்டி போட்டு, செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தான்.

"எங்கீங்கப்பா? ஒண்ணுமே காணோமே."

இவர் தடவித் தேடி ஜமாலின் கையைப் பிடித்து, அவன் ஆட்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்தார். "இப்ப நகத்துல வழிச்சுப் பாரு."

வழித்தான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான், கலைந்து ஓடியது. நூல் மாதிரி ஒரு கோடு. கிராவல் மேட்டிலிருந்து இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஏறி, நேராக ஜன்னல் சட்டத்தின் கீழ் மரத்துக்குப் போயிருந்தது. கல்லின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றாக இருந்ததால், பார்வை சரியாக உள்ள நாங்கள் இரண்டு பேரும் முகத்தை வைத்துப் பார்த்தும் ஏமாந்தோம்.

ஜமாலுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் இவரைப் பார்த்தேன். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஜமாலின் தோளைத் தட்டி, "சட்டத்துல ஏறி எச்சா நாளாகல. மரம் இன்னும் கெட்டியாத்தான் இருக்குது, தட்டிப் பாத்துட்டேன்" என்று அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

இவரோடு வாழ்ந்த காலத்தில் எத்தனையோ தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சுவரோரம் நின்று, இவர் என் புருஷன் என்று பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 3

ஜமால் விடியும்போதே ஆட்களோடு வந்துவிட்டான். "மேக்குச் செவுத்து டைல்ஸ் பூராவும் எடுங்கப்பா" என்றான்.

"தினகரன ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார் இவர்.

"நான் சொல்லிக்கறேனுங்கப்பா. அவன் சொன்னான்னு நான் மூடுனதே தப்பு. நாளைக்கு ஊடு அரிச்சா என்ற வேல மோசம்னுதான் பேசுவாங்க."

அவனே மண்வெட்டி எடுத்துக் கிராவலைத் தள்ளினான். தள்ளத் தள்ள உள்ளே உடைந்த பலகைத் துண்டுகள், காலி சிமெண்டுச் சாக்கு, காகிதம். வேலை முடிந்த குப்பையை வெளியே கொண்டுபோகச் சோம்பல்பட்டு உள்ளேயே போட்டு மூடியிருக்கிறார்கள். ஒவ்வொரு பலகையிலும் கரையான் மொய்த்தது.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெட்டிப் போடுகிற மண்ணைக் கையால் அளைந்து, சிலாம்பு அளவு மரத்துண்டைக்கூடப் பொறுக்கித் தனியே போட்டார். எதிர் வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியச் சமையல் நடக்கவில்லை. ஜமால் எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தான்.

ஏப்ரல் 5

மருந்து இறக்குகிறவர்கள் வந்தார்கள். தோண்டிய இடத்தில் பழைய மருந்து மண் போய்விட்டதால், அந்தப் பக்கம் மட்டும் புதிதாகத் துளை போட்டு இறக்கினார்கள். குழாய்கள் சுவருக்குள் நுழைகிற ஓட்டைகளையும் அடைக்கச் சொல்லி, இவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஜன்னலின் கீழ்ச் சட்டம் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வேறு சேதம் இல்லை.

ஏப்ரல் 12

தினகரன் சொல்லாமல் வந்து நின்றான். உச்சி வெயில். இவர் இப்போது மதியமும் ஒரு சுற்று வருகிறார், புது மருந்து போட்ட பக்கம் எப்படி இருக்கிறது என்று. தினகரன் கேட்டைத் திறந்து வந்து, அப்பா நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வழியில் நின்றான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

சுவரைத் தடவி வந்த கை தினகரனின் சட்டையில் பட்டது. இவர் நின்றார்.

"யாரு? ஜமாலா?"

தினகரனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே நிற்கிறான். அவ்வளவு வெளிச்சம்.

"நாந்தாம்ப்பா."

"அட, தினகரனா! எப்ப வந்தே? வெயில்ல என்ன பண்றே, உள்ள போ, உள்ள போ."

அவன் ஜன்னலில் என்னைப் பார்த்தான். எனக்கு மார்ச் நாலாம் தேதியே தெரியும். இன்னும் கொஞ்ச நாள்தான், அதுவும் போய்விடும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். எழுதக் கை வரவில்லை.

சமையலறைக்கு வந்து தினகரன் மெதுவாகப் பேசினான். ஒரு டியூஷன் சென்டர்காரர்கள் ஜூனிலிருந்து இந்த வீட்டை வாடகைக்குக் கேட்கிறார்களாம். அதற்காகத்தான் வெளிப்புறம் இப்படி. பெங்களூரில் எங்களுக்கென்று ஒரு அறை தயாராக இருக்கிறதாம்.

"அப்பாவ வெச்சுட்டு நீ ஒருத்தியா எப்படிம்மா சமாளிப்பே?"

நான் ரசத்தை இறக்கிவைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவனே அப்பாவிடம் சொன்னான். இவர் கையில் பிசைந்த சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ற வீட்டுல நான் சோபாவுல உக்காந்திருப்பேன். எந்திரிச்சா ஒருத்தர் கை புடிக்கோணும். நல்லாத்தான் பாத்துக்குவீங்க, இல்லைன்னு சொல்லல. இங்க நான் வீட்டச் சுத்தி வாரேன். அந்த ஒரு சாண் கல்லு மேல கை வெச்சா எங்க நிக்கறேன்னு எனக்குத் தெரியும். செல்லு வந்தா இந்த ஊட்டுல எனக்குத்தான் மொதல்ல தெரியுது. எனக்கு இங்க ஒரு வேல இருக்குதுடா."

தினகரன் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா."

யாராவது என்னைக் கேட்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். "எனக்கும் இங்கதான் சௌகரியம். ஆனா நான் ஒருத்தியா முடியாது. கூட மாட வேலைக்கு ஒரு ஆள் வேணும். மாசத்துல ஒரு வாட்டி நீ வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

இவர் திடுக்கிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் முடியாது என்று சொல்லி இவர் கேட்டதில்லை.

"செய்யறேம்மா" என்றான் தினகரன்.

ஏப்ரல் 13

காலையில் அப்பாவுக்குப் பின்னாலேயே தினகரனும் சுற்றினான். குழாயடியில் இவர் அவனைக் குனியவைத்து என்னவோ தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு ஜமால் வந்தான். நண்பர்கள் இரண்டு பேரும் கேட்டருகில் நின்று கொஞ்சம் சண்டை போட்டார்கள், அப்புறம் ஒரே பைக்கில் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

டியூஷன் சென்டருக்கு இல்லையென்று சொல்லியாகிவிட்டது. செடித் தொட்டிகள் காம்பவுண்டுச் சுவரோரம் போகின்றன. வீட்டைச் சுற்றி வழவழப்பான சிமெண்டுப் பாதை. அந்த ஒரு சாணை மறைக்காமல், தாழ்வாக. சுவரில் இடுப்பு உயரத்தில் இரும்புக் கைப்பிடிக் குழாய், அது தரையைத் தொடாது. இது தினகரனின் யோசனை.

மே 9

வேலை முடிந்தது. சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சு, முன்பக்கம் மட்டும் ஜன்னல் வரை கல் டைல்ஸ், கீழே சுற்றிலும் அந்தக் கருங்கல் வரிசை கழுவிவிட்டது போலக் கறுப்பாக. வேட்டிக்குக் கரை வைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இவரிடம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு பக்கமாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "தொட்டப்பவே நெனச்சேன்" என்றார்.

வேலைக்கு ருக்கு என்று ஒரு பெண் வருகிறாள். பேச்சு அதிகம், ஆனால் கை சுத்தம்.

மே 16

காலையில் ஜமால் பைக்கில் வந்து வாசலில் நின்றான்.

"அப்பா, கச்சேரி மேட்டுல ஒரு பழைய ஊடுங்க. வெளிச்செவுத்துக்கு டைல்ஸ் கேக்கறாங்க. ஒட்டறதுக்கு முன்னால நீங்க ஒருக்கா வந்து தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. வெரசாக் கொண்டாந்து உட்டர்றேன்."

இவர் பதில் சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டார். ஆபீசுக்குப் போகிற காலத்து வெள்ளைச் சட்டையைக் கேட்டார். நான் பொத்தான் போட்டுவிடப் போனேன், கையை விலக்கி, தானே போட்டுக்கொண்டார். ஜமாலின் தோளைப் பிடித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். பைக் தெருமுனை திரும்புகிறவரை கேட்டில் நின்றேன்.

ருக்கு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் எனக்கு வேலை இல்லை. யாரும் கூப்பிடப் போவதில்லை. கூடத்தில் பாயை விரித்துச் சும்மா படுத்தேன்.

தூங்கிவிட்டேன். பட்டப்பகலில், கதவு திறந்து கிடக்க, ஃபேன் காற்றில், கனவுகூட இல்லாமல்.

இவர் குரல் கேட்டுத்தான் விழித்தேன். கைப்பிடிக் குழாயைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே நின்று, சட்டையெல்லாம் மண்ணாக, மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சிவகாமி, அந்த ஊட்டுல தெக்குப் பக்கம் என்ன இருந்துச்சு தெரியுமா..."